நொதிக்கு இட்ட பூட்டு

குளிப்பாட்டும்போது குழந்தையின் வயிற்றில் கல்போல் ஒரு கட்டி தாயின் கையில் தட்டுப்படுகிறது. அல்லது எங்கும் விழாத பிள்ளையின் கண்களைச் சுற்றி அடிபட்டாற்போல் கருமை படர்கிறது. நியூரோபிளாஸ்டோமா என்னும் வியாதி பல வீடுகளில் இப்படித்தான் தலைகாட்டுகிறது. நரம்பாக முதிர வேண்டிய இளம் உயிரணுக்கள் அவ்வாறு முதிராமல், பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலே பெருகுவதால் விளையும் இது, சில சிசுக்களிடம் சிகிச்சையின்றியே மறைந்துபோவதும் உண்டு, ஆயின் எம்.ஒய்.சி.என். என்ற மரபணு அளவுக்கு மீறிப் பல்கிய குழந்தைகளிடம் அது மகா மூர்க்கமானது.

அம்மரபணு ஏவிவிடும் காரியங்களுள் ஒன்று, ஆர்னிதீன் டிகார்பாக்சிலேஸ் என்னும் நொதியை மிகுதியாக உற்பத்தி செய்விப்பது. உயிரணு பெருகுவதற்கு இன்றியமையாத பாலிஅமீன்கள் உருவாவதற்கு அந்நொதியே தலைவாசல். 1970களில் தோன்றிய டி.எஃப்.எம்.ஓ. என்ற மருந்து, ஆர்னிதீனின் வேஷம் பூண்டு நொதியின் பிடிக்குள் புக, நொதியும் வழக்கம்போல் தன் தொழிலைத் தொடங்க, அத்தொழிலினாலேயே விழிப்புற்ற மருந்து அதனை இறுகப் பற்றிக்கொள்ள, பின்பு அந்தப் பிணைப்பு அவிழ்வதேயில்லை. தன் கையாலேயே நொதி தன்னைப் பூட்டிக்கொள்கிறது. இதைவிட நுட்பமான உபாயத்தை நான் கேட்டதில்லை.

புற்றுநோய்க்கென்று ஆராயப்பட்டும் அன்று பெரும்பயன் தராமல், 1990இல் ஆப்பிரிக்கத் தூக்கநோய்க்கு ஔஷதமாகி, பிறகு பெண்களின் முகரோமத்தைக் குறைக்கும் களிம்பாகவும் விற்கப்பட்ட இம்மருந்து, 2023 டிசம்பரில்தான் அமெரிக்க அரசின் அனுமதியோடு இக்குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது. கட்டியைக் கரைப்பதற்கன்று, கடும் சிகிச்சைகளால் நோய் அடங்கிய பிறகு, அது மீளாமல் காப்பதற்கே. மருந்துண்ட 90 பேரை, முந்தைய ஆய்வொன்றில் இம்மருந்தின்றி இருந்த 270 பேரோடு ஒப்பிட்டபோது, நான்கு ஆண்டுகளின் பின் நோய் திரும்பாதிருந்தவர் முன்னவரில் 84 சதவீதம், பின்னவரில் 73 சதவீதம். ஒரே காலத்தில் சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரு கூட்டங்கள் அல்லவே என்ற ஆட்சேபம் நியாயமானது. அனுமதிக்கு முன் கூடிய ஆலோசனைக் குழுவினரும் 14க்கு 6 என்றே பிரிந்து வாக்களித்தனர். இருப்பினும், இத்தனை அரிய நோயில் பூரண நிரூபணத்துக்காகப் பெற்றோரைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செவித்திறனை இம்மருந்து குறைக்கக்கூடுமாதலால், இடையிடையே காதைப் பரிசோதிப்பது அவசியம். மாத்திரையை விழுங்க இயலாத பிள்ளைக்கு, அதைப் பொடித்து, இரண்டு கரண்டி மெத்தென்ற உணவில் குழைத்து, காலையும் மாலையும், இரண்டு வருஷம் ஊட்ட வேண்டும்.