கெர்னல் உருவாக்கத்தில் தொகுப்பித் தெரிவுகள்: 2009 லினக்ஸ் பாதுகாப்புக் குறையை முன்வைத்து

முன்னுரை

சி மொழியில் எழுதப்பட்ட மூல நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் தொகுப்பி எனப்படும். அம்மாற்றம் எவ்வாறு அமைய வேண்டும் எனத் தொகுப்பிக்கு இடப்படும் குறிப்புகளே தொகுப்பித் தெரிவுகள். பயன்பாட்டு மென்பொருள்களில் இவை பெரும்பாலும் வேகத்தையோ கோப்பின் அளவையோ கருதித் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இயக்கமுறைமையின் உட்கருவாகிய கெர்னலில் நிலை வேறு. அங்குச் சில தெரிவுகள், நிரல் எத்தகைய சி மொழியில் எழுதப்பட்டுள்ளது என்பதையே வரையறுக்கின்றன. லினக்ஸ் கெர்னலில் 2009ஆம் ஆண்டு வெளிப்பட்ட பாதுகாப்புக் குறை இதற்குத் தக்க சான்றாகும்.

டன் இயக்கியின் குறை

மெய்நிகர் வலைப்பின்னல் இடைமுகங்களை உருவாக்க உதவுவது டன் இயக்கி. கெர்னலின் 2.6.30 பதிப்பில் இவ்வியக்கியின் செயற்கூறு ஒன்று, ஒரு சுட்டின் வழியே மதிப்பை முதலில் எடுத்துக்கொண்டு, அதன் பின்னரே அச்சுட்டு வெற்றுச் சுட்டா எனச் சோதித்தது. வரிசை பிறழ்ந்திருந்தது, எனினும் சோதனை மூல நிரலில் இருந்தது.

வெற்றுச் சுட்டின் வழியே மதிப்பை எடுப்பது சி மொழித் தரத்தின்படி வரையறுக்கப்படாத நடத்தை. அது நிகழாது எனக் கொள்ளத் தொகுப்பிக்கு உரிமை உண்டு. ஜிசிசி அவ்வாறே கொண்டது. சுட்டு முன்னரே பயன்பட்டுவிட்டதால் அது வெற்றாக இருக்க இயலாது. ஆகவே சோதனை தேவையற்றது என முடிவுசெய்து அதனை நீக்கிவிட்டது. மூல நிரலைப் படிப்பவர் காணும் பாதுகாப்பு, இயங்கும் கெர்னலில் இல்லாமற்போயிற்று.

பயன்பாட்டு மென்பொருளில் இந்த நீக்கத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. பூச்சிய முகவரியைத் தொட்டவுடன் செயல்முறை முறிந்துவிடும். கெர்னலோ அன்றைய எக்ஸ்86 கணினிகளில் பயனரின் முகவரி வெளியையும் நேரடியாக அணுகவல்லதாக இருந்தது. பயனர் ஒருவர் பூச்சிய முகவரியில் தமது நினைவகப் பக்கத்தைப் பொருத்திவிட்டால், கெர்னல் முறியாமல் அவர் வைத்த தரவையே படித்துச் செல்லும். அவ்வாறு பொருத்துவதைத் தடுக்கும் ஏற்பாடு இருந்தும் அதனைக் கடக்கும் வழிகள் கண்டறியப்பட்டன. முழு நிர்வாக உரிமையைக் கைப்பற்றும் தாக்குதல் நிரல் அவ்வாண்டு ஜூலையில் வெளியாயிற்று.

பிழை நிரலருடையதா, தொகுப்பியுடையதா என்ற வினா இங்கு எழுவது இயல்பு. மொழித்தரத்தை மட்டும் நோக்கின் தொகுப்பி மீது குற்றமில்லை. ஆயினும் பூச்சிய முகவரியும் செல்லத்தக்க முகவரியாக அமையக்கூடிய சூழலுக்கு அத்தரத்தின் ஊகம் பொருந்தாது. எனவே டன் இயக்கியின் வரிசையைத் திருத்தியதோடு கெர்னல் உருவாக்குநர்கள் நிற்கவில்லை. வெற்றுச் சுட்டுச் சோதனைகளை நீக்கலாகாது எனப் பணிக்கும் 'எஃப்-நோ-டிலீட்-நல்-பாயிண்டர்-செக்ஸ்' என்னும் தெரிவைக் கெர்னல் முழுமைக்கும் சேர்த்தனர்.

பிற தெரிவுகள்

எக்ஸ்86-64 கட்டமைப்பில், அடுக்குச் சுட்டுக்குக் கீழுள்ள 128 பைட்டுகளைச் செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ளப் பயனர் நிலை மரபு இடந்தருகிறது. 'ரெட் சோன்' எனப்படும் இப்பகுதியைக் கெர்னல் நம்ப இயலாது. இடையில் வரும் வன்பொருள் குறுக்கீடு அதே அடுக்கில் எழுதி அதனை அழித்துவிடும். ஆகவே அது தெரிவொன்றால் முடக்கப்படுகிறது. எஸ்எஸ்இ பதிவகங்களைத் தொகுப்பி தானாகப் பயன்படுத்துவதும் தடுக்கப்படுகிறது. இல்லையெனில் அவற்றில் பயனர் வைத்துள்ள மதிப்புகள் சிதையும்.

வேகத்தைக் கருதும் தெரிவுகளுக்கு வரம்பு குறுகியது. இயல்பாக அமைவது ஓ2. அளவைக் குறைக்க ஓஎஸ். உகப்பாக்கமே இல்லாத ஓ0 நிலையில் லினக்ஸ் கெர்னலை உருவாக்க இயலாது, ஏனெனில் பயன்படாத கிளைகளைத் தொகுப்பி நீக்கிவிடும் என்பதை நம்பியே அதன் சில பகுதிகள் எழுதப்பட்டுள்ளன. ஒருபுறம் உகப்பாக்கத்தை மறுத்து மறுபுறம் அதனையே வேண்டிநிற்கும் இம்முரண் கவனத்திற்குரியது.

'கேசிஃபிளாக்ஸ்' என்னும் மாறி வழியே எவரும் தமது தெரிவுகளைச் சேர்க்கலாம். அவை பட்டியலின் இறுதியில் இணைவதால், முன்னர் அமைந்த காப்புத் தெரிவுகளையும் மீறவல்லவை. உண்மையில் எத்தெரிவுகள் செயற்பட்டன என்பதை அறிய, 'மேக்' கட்டளையுடன் 'வி=1' எனக் குறித்து ஒவ்வொரு கோப்புக்கும் இடப்பட்ட முழுக் கட்டளையையும் காணலாம்.