உங்களுக்குத் தெரியுமா? சிந்தசைசரும் நம் கரையும்

● சிலாபத்தை அடுத்த இரணவில கடற்கரையில் ‘வொயிஸ் ஒவ் அமெரிக்கா’வின் சிற்றலை அஞ்சல் நிலையம் பல ஆண்டுகள் இயங்கியது. சிற்றலை வானொலியின் குமிழைத் திருப்பித் திருப்பி நிலையம் தேடியவர்களுக்கு, நடுவே எழும் ‘ஊய்’ என்ற அந்த ஊளை இன்னும் காதில் இருக்கும். இரண்டு அலைவரிசைகள் கலக்கும்போது அவற்றின் வித்தியாசமே நமக்குக் கேட்கும் ஒலியாகிறது. இதே தத்துவத்தில்தான் ரஷ்யாவின் லெவ் தெரமின், 1920 அளவில், கையால் தொடாமலே வாசிக்கும் கருவியைச் செய்தார். இன்றைய மின்னிசைக் கருவிகளுக்கெல்லாம் அது மூத்த தலைமுறை. ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசன் 1968இல் ‘குர்ட்ஸ்வெல்லன்’ என்ற படைப்பில் சிற்றலை வானொலிகளையே வாத்தியமாக்கி மேடையேற்றினார்.

● அதே ஸ்டொக்ஹவுசன் ‘சிலோன்’ என்ற பெயரிலும் ஒரு படைப்புச் செய்திருக்கிறார். 1976இல் தட்டாக வெளிவந்த அதன் ஒலிப்பதிவில் மின்கருவிகளுடன் கண்டி மேளம் சேர்ந்து ஒலிக்கிறது. மேளம் வாசிப்பவர் அவரேதான்.

● மின்னிசையின் மிக அமைதியான கிளைக்கு ‘அம்பியன்ட்’ என்று பெயர். தாளம் முன்னுக்கு நிற்காது. ஓர் ஒலி மெல்ல எழுந்து இன்னொன்றுக்குள் கரையும். பெயரை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. 1978இல் விமான நிலையங்களுக்கென்றே ஒரு தட்டு வெளியிட்டார். அதன் ஒரு பகுதியில் மனிதக் குரலின் ஒற்றைச் சுரங்கள் தனித்தனி நாடாச் சுற்றுகளில் ஓடுகின்றன. ஒரு சுரம் ஏறத்தாழ 23.5 வினாடிக்கு ஒரு தடவை திரும்பி வரும், இன்னொன்று 26 வினாடிக்குச் சற்று முன்னால். சுற்றுகளின் நீளம் ஒத்துப்போகாததால், ஒருமுறை அமைந்த சேர்க்கை மறுபடி அமைய நெடுநேரம் ஆகும்.

● மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் அனலொக் சிந்தசைசரில் சுரத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். பெரும்பாலான கருவிகளில் 1 வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும். அந்த அழுத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் பெட்டிதான் சீக்குவென்சர். ரொபர்ட் மூக்கின் 960 என்ற மாதிரியில் எட்டுப் படிகள், ஒவ்வொரு படிக்கும் மூன்று குமிழ்கள். எட்டாவது முடிந்ததும் மறுபடி முதலாவது. சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இசைஞர் ஒரு குமிழை மயிரிழை திருப்புவார், ஒலி வடிகட்டியைக் கொஞ்சம் திறப்பார். இந்த இசையில் கைத்திறன் என்பது பெரும்பாலும் அதுதான். அதற்கு வேண்டிய பொறுமை சாதாரணமானதல்ல.

● நம் கரையிலுள்ள உடப்பின் அம்பாப் பாட்டைக் கேட்டவர்களுக்கு சீக்குவென்சரின் இந்தச் சுற்று அந்நியமாக இராது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஒரே குரலில் மறுமொழி சொல்லி இழுப்பார்கள். திரும்பத் திரும்ப வருவது அந்த மறுமொழி. மாறிக்கொண்டே போவது முன்பாடுபவரின் சொல். சீக்குவென்சர் செய்யும் வேலையை மனித மூச்சும் தோளும் அதைவிட நுட்பமாகச் செய்கின்றன என்பேன், ஏனென்றால் வலையின் பாரம் கூடக் கூடப் பாட்டின் நடையும் மாறுகிறது. உழவு இயந்திரம் வலை இழுக்கும் இடங்களில் இந்தப் பாட்டுக்கு வேலையில்லை.

● சூடு ஏறினால் பழைய அனலொக் கருவிகளின் சுருதி விலகும். ‘டான்ஜரின் டிரீம்’ குழு 1974இல் வெளியிட்ட ‘ஃபீட்ரா’ தட்டில் அப்படி விலகியதைக் காதாலேயே கேட்கலாம். பதிவின்போது மூக் சிந்தசைசர் சூடாகச் சூடாகச் சுரம் நழுவியது. அதை அவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். சீக்குவென்சர் இசையின் ஆதிப் படைப்புகளில் ஒன்றாக இன்று கொண்டாடப்படுவது அதே தட்டு.

● இலங்கையில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி சோங்ஸ் ஒவ் டிஸ்டன்ட் எர்த்’ நாவலை, மைக் ஓல்ட்ஃபீல்ட் 1994இல் அதே பெயரில் முழுத் தட்டாக இசையமைத்தார். கடல் சூழ்ந்த ஒரு கிரகத்தின் கதை அது.

● அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே மூக் சிந்தசைசருடன் ஒரு மின்னிசைக்கூடம் இருந்தது! அமைத்துக் கொடுத்தவர் அமெரிக்காவின் டேவிட் டியூடர். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே பதிவு செய்த நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் யாரும் கேளாமல் கிடந்தன. 2017இல் லண்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023இல் தட்டாக வெளிவந்தன. இதே கீதா சாராபாய்தான் 1946இல் நியூயோர்க்கில் இசையமைப்பாளர் ஜோன் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். மேற்கிலிருந்து கற்றுக்கொண்டோம் என்று மட்டும் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை.

● அம்பியன்டுக்கு வழிவகுத்த அமெரிக்கர் டெரி ரைலி, 1970 முதல் பண்டிட் பிரான் நாத்தின் சீடர். தம்பூராவின் ஓயாத சுருதிக்குள் இருந்து கற்றவர். தம்பூராவும் மின்மயமாயிற்று: 1979இல் பெங்களூரின் ராஜ் நாராயண் செய்த கருவியின் வழிவந்தவை இன்று கச்சேரி மேடைகளில் சாதாரணம்.

● 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி சீக்குவென்சரைப் பயன்படுத்தினார்.

● இந்தியாவில் பிறந்த அருஷி ஜெயின், தனித்தனி அலகுகளை வயரால் இணைக்கும் மொடியூலர் சிந்தசைசரில் இந்துஸ்தானி ராகங்களைக் கையாள்கிறார். ‘அண்டர் த லைலாக் ஸ்கை’ (2021) தட்டு முழுக்க மாலை ராகங்களின் உலகம். இந்த இசைக்குள் முதலில் நுழைபவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள்.

● ஒலிக்கோவைகள் நம் கடலுக்குள்ளும் உண்டு. கற்பிட்டிக்கு மேற்கே ஆழ்கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் கூட்டமாக வருகின்றன. அவை பேசிக்கொள்வது சொடுக்கொலிகளால். குறிப்பிட்ட இடைவெளி அமைப்பில் வரும் சிறு சொடுக்குக் கோவைகளை ஆய்வாளர்கள் ‘கோடா’ என்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் கோவை வேறு.

● புத்தளம் சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மன்ஜா இசையில் சில வரிகளே திரும்பத் திரும்ப வரும். ரபானும் சிரட்டையும் ஒலிக்க, மெல்லத் தொடங்கி வேகமெடுக்கும். வரிகள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில்.

● அனலொக் மொடியூலர் கருவிகள் பல இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விலை போகின்றன. ஆனால் ‘விசிவி ரேக்’ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, சாதாரணக் கணினியிலேயே முழு மொடியூலர் சிந்தசைசரை இயக்கிப் பழகலாம். மூலப்பொருளுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. புத்தளம், உடப்பு, கற்பிட்டி இளையோரே, அம்பாவையும் மன்ஜாவையும் களப்பின் ஒலிகளையும் உங்கள் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடுபவரிடம் அனுமதி கேளுங்கள். பெயர், இடம், திகதி மூன்றையும் பதிவோடு எழுதி வையுங்கள்.