பழைய மோட்டார் வண்டிகளில் தானியங்கிக் கியர்ப்பெட்டி சூடேறுதலும் தடுப்பு முறைகளும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியின் கடைத்தெரு உப்பங்கழியை ஒட்டிச் செல்லும் குறுகிய பாதையாகும். மிளகு, சுக்கு, அரிசிக் கிடங்குகளின் முன் பாரம் இறக்கும் லாரிக்குப் பின்னால் ஏனைய வண்டிகள் காத்து நிற்பது அங்கு அன்றாடக் காட்சி. 1950 அல்லது 1960ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட, தானியங்கிக் கியர்ப்பெட்டி கொண்ட வண்டி இவ்வழியே செல்ல நேரின், ஓட்டுநரின் கண் எஞ்சின் நீரின் சூட்டைக் காட்டும் முள்ளின்மீதே இருக்கும். அம்முள் காட்டாத வேறொரு சூடு அவருடைய காலடியில் பெருகிக்கொண்டிருத்தல் கூடும்.

இப்பெட்டியில் எஞ்சினுக்கும் பல்சக்கரங்களுக்கும் இடையே நிற்பது எண்ணெய். ஜெர்மானியப் பொறியியலார் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் கப்பல்களுக்கென வகுத்த முறை இது. பின்னர் மோட்டார் வண்டிக்கு வந்தது. 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் ஹைட்ராமாட்டிக் பெட்டியும், 1948இல் ப்யூக் வண்டிகளில் முறுக்குவிசை மாற்றியுடன் கூடிய டைனாஃப்ளோவும் இடம்பெற்றன. இதன் தத்துவத்தை ஆசிரியர்கள் இரண்டு மேசை மின்விசிறிகளைக் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம். இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால், மின்சாரமில்லாத மற்றதும் மெல்லச் சுழலும். காற்றின் இடத்தில் எண்ணெயை வைத்து எண்ணிப் பார்த்தால் போதும்.

சுழலும் இரண்டு பகுதிகளின் வேகத்தில் உள்ள வேற்றுமையே சூட்டிற்குக் காரணம். எஞ்சின் 40 கிலோவாட் ஆற்றல் தரும்போது மாற்றியின் திறன் 85 விழுக்காடு எனின், 6 கிலோவாட் எண்ணெயைச் சூடாக்குவதில் கழிகிறது. ஆறு பெரிய மின் அடுப்புகளுக்கு அது ஈடாகும். வண்டியைப் பிரேக்கால் நிறுத்திக் கியரிலேயே வைத்திருந்தாலோ, மாற்றிக்குள் செல்லும் ஆற்றல் முழுவதும் வெப்பமே ஆகும். எஞ்சின் மெதுவாக ஓடுகையில் இது சிறிதாயினும், நிற்கும் வண்டியில் ரேடியேட்டர் வழியே காற்றும் குறைவாகவே செல்கிறது. கொச்சியின் ஈரக் காற்றைக் குறை கூறுவது பொருந்தாது. ஈரம் வியர்வை உலராமல் தடுத்து மனிதனைத்தான் வாட்டும், ரேடியேட்டரை அன்று.

எண்ணெயின் சூடு 80 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருப்பது நன்று. அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது தோராய விதி. 80 டிகிரியில் 1,60,000 கிலோமீட்டர் தாங்கும் எண்ணெய், 120 டிகிரியில் 10,000 கிலோமீட்டருக்குள் கெட்டுவிடும். அப்போது அரக்கு போன்ற படிவு வால்வுகளில் ஒட்டுகிறது. ரப்பர் அடைப்புகள் இறுகுகின்றன. அழுத்தம் குறைந்து கிளச்சுத் தட்டுகள் வழுக்குகின்றன. அவ்வழுக்கல் மேலும் சூட்டை விளைவிக்கிறது. செந்நிற எண்ணெய் பழுப்பாகித் தீய்ந்த நாற்றம் வீசுமாயின் கேடு தொடங்கிவிட்டது என்று அறியலாம். (பழைய எண்ணெய்களில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பின்னர் வேறு சேர்மங்கள் வந்தன.) கைப்புத்தகம் குறிக்கும் வகையையே ஊற்றுதல் வேண்டும். அளவு மிகினும் தீங்கே: சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

பெரும்பாலான வண்டிகளில் இந்த எண்ணெய், ரேடியேட்டரின் தொட்டிக்குள் அமைந்த குழாயில் ஓடிக் குளிர்கிறது. ஆகவே ரேடியேட்டரின் நலமே பெட்டியின் நலம். உப்பங்கழியோரக் கிணற்று நீர் உவர்ப்பானது; அதை ஊற்றினால் உட்புறம் துருவும் படிவும் சேரும். உப்பு நீக்கிய நீரையும் துருத்தடுப்பு மருந்தையும் கலந்து ஊற்றுதல் வேண்டும். உட்குழாய் அரிக்கப்பட்டால் நீரும் எண்ணெயும் கலந்து, எண்ணெய் பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாகும். கிளச்சுத் தட்டின் பசையை நீர் கரைத்துவிடுமாதலால் அவ்வண்டியை ஓட்டுதல் கூடாது.

சிறிய தனிக் குளிர்விப்பி ஒன்றை ரேடியேட்டரின் முன்னால் திருகாணிகளால் பொருத்தி, எண்ணெயை முதலில் ரேடியேட்டரிலும் பின்னர் இதிலும் செலுத்துவது சிறந்த முறை. துளையிடாமல், வேண்டும்போது கழற்றக்கூடியதாக அமைப்பது நலம். 2021இல் வெளிவந்த மத்திய அரசின் விதிகள், 50 ஆண்டு கடந்த தொன்மை வண்டிகளின் அடிச்சட்டத்தையோ உடலையோ எஞ்சினையோ பெரிதும் மாற்றலாகாது என்கின்றன.

நெடுநேரம் நிற்கும்போது கியரை நடுநிலைக்கு மாற்றிக் கைப்பிரேக்கைப் போடலாம். நிறுத்தக் கியரினும் நடுநிலையே ஏற்றது. சில பழைய பெட்டிகளில் நிறுத்தக் கியரில் எண்ணெய் மாற்றிக்குச் செல்வதில்லை. பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியைத் தாங்கி நிறுத்துதல் மிகக் கெட்ட பழக்கம்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் பெட்டி மூழ்கினால் காற்றுத்துளை வழியே நீர் புகும். எண்ணெயைச் சோதித்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். வண்டியை இழுத்துச் செல்ல நேரின், எஞ்சின் ஓடாதபோது பல பெட்டிகளில் எண்ணெய்ப் பம்பும் ஓடாது என்பதை நினைவிற் கொண்டு, பின்சக்கரங்களைத் தூக்கியோ புரொப்பெல்லர் தண்டைக் கழற்றியோ இழுத்தல் வேண்டும்.