ஓடுபாதையில் கைவிடப்படும் புறப்பாடு

பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலிலிருந்து ரயிலேறிச் செப்பாங் விமான நிலையம் செல்வோர் அறியத்தக்க நடைமுறை ஒன்றுண்டு. விமானம் 'வீ-ஒன்' எனப்படும் முடிவு வேகத்தை எட்டுமுன் கடுங்கோளாறு தென்பட்டால், விமானி விசையைக் குறைத்துத் தடையை அழுத்திப் புறப்பாட்டைக் கைவிடுகிறார். மற்ற விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அதைத் தெரிவிக்க, கதவருகே அமர்ந்த பணியாளர்கள், சன்னல் வழியே வெளியே தீ உண்டா எனப் பார்த்தபடி, தலைமை விமானியின் ஆணைக்குக் காத்திருக்கின்றனர். பயணிகளுக்கு மிகக் கடினமானது இந்த இடைவெளிதான்.

1985 ஆகஸ்ட் 22 அன்று மான்செஸ்டரில், சக்கரம் வெடித்ததாகக் கருதிப் புறப்பாட்டைக் கைவிட்ட போயிங் 737 விமானம் பக்கப்பாதைக்குத் திருப்பப்பட்டபோது, இயந்திரத் தீயை மென்காற்று விமானத்தின் உடற்பகுதி மீதே தள்ளியதால் 55 பேர் மாண்டனர். தீ எச்சரிக்கை எழுந்தால் ஓடுபாதையிலேயே நிற்பதும், காற்றின் திசையைக் கணக்கிடுவதும் அதன்பின் பயிற்சியில் அழுத்தம் பெற்றன.