மாட்டின் மொழி தெரிந்த பாட்டிகள்! திருச்சி கிராமங்கள் மறக்கக் கூடாத கைவைத்தியம்

ஸ்ரீரங்கம் கோயிலில் ஒவ்வொரு நாளும் விஸ்வரூப தரிசனத்தோடுதான் விடிகிறது. அதிகாலையில் பெருமாள் முன்னால் பசுவும் யானையும் வந்து நிற்கும். சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரு காலத்தில் பொழுது மாட்டு முகத்தில்தான் விடிந்தது. லால்குடி, முசிறி, மணப்பாறை பக்கம் வளர்ந்தவர்களைக் கேட்டால், எழுந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போன ஓர் அப்பாயியோ அம்மாயியோ நினைவில் இருப்பார்.

பெயர் சொன்னால் திரும்பும்

செவலை, மயிலை, காரி என நிறத்தை வைத்தே மாட்டுக்குப் பெயர். அரிசி களைந்த கழனித் தண்ணீரில் தவிடும் புண்ணாக்கும் கலக்கி வைப்பார் பாட்டி. மாடு தொட்டியில் வாய் வைக்கவில்லை என்றால் அவருக்கும் சோறு இறங்காது. அசை போடுகிறதா, மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா, காது சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். கால்நடை மருத்துவர்களும் இன்று இவற்றைத்தான் கவனிக்கிறார்கள்.

கன்று ஈன்ற வீட்டில் சீம்பால் முதலில் கன்றுக்குத்தான், மிச்சம்தான் பேரப்பிள்ளைகளுக்கு. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போய்ச் சேருவது அந்தப் பாலில்தான். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டுவார்கள். ஆலம்பால் போல மாடும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. நாய் இழுக்காமல் இருந்தது கூடுதல் பலன்.

அடுப்படியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

மாட்டுக்கு நோய் வந்தால் பாட்டியின் கை அஞ்சறைப்பெட்டிக்குப் போகும். இந்தக் கைவைத்தியத்துக்கு அளவு சொல்லி, ஆய்வு செய்து, பரவலாக்கியவர்களில் முக்கியமானவர், தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி. இந்த மூலிகை மருத்துவத்தைத் தேசிய பால்வள வாரியமும் விவசாயிகளிடம் கொண்டு செல்கிறது.

மடிநோய்க்கு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைக்க வேண்டும். பாலை முழுவதும் கறந்து, மடியைக் கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்துப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை, 5 நாள்களுக்கு.

கோமாரியால் வாய் புண்ணான மாட்டுக்கு: சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றை ஊறவைத்து, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவலோடு அரைத்து, நாக்கில் தடவிக் கொடுப்பார்கள்.

இதில் நமக்கென்ன என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்கள் வரை விற்கக் கூடாது. விற்றால் மருந்தின் மிச்சம் குழந்தையின் டம்ளர் வரை வந்துவிடும். ஆன்டிபயாட்டிக் தேவை குறைந்தால் மாட்டுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஒரு விஷயம் முக்கியம். கைவைத்தியம் தடுப்பூசிக்கு மாற்று அல்ல. கோமாரித் தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும். காய்ச்சல் குறையவில்லை, மாடு படுத்த இடத்தைவிட்டு எழவில்லை என்றால், 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்

பாட்டி கண் மூடிய பிறகு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் சந்தைக்கு ஓட்டிப்போன குடும்பங்கள் பல. மாட்டோடு மருந்தும் போய்விடுகிறது. எழுதி வைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு இல்லை. பலருக்கு எழுத்தே தெரியாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், செல்போனில் பதிவு செய்யுங்கள். அளவு கேட்டால் 'ஒரு கைப்பிடி' என்பார். அவர் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லி, நிறுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.