வீட்டில் அடைக்கும் தோட்டா

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைத் துடைத்து, மருந்தை நிறுத்துப் போட்டுத் தோட்டா அடைக்கிறார். பக்கத்தில், குழல் ஓரிடம் கட்டை ஓரிடம் என்று வாங்கிச் சேர்த்த ரைஃபிள். எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் பாய்ந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும். அதற்குத்தான் இத்தனை பாடு. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைக்க அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் சிலருக்குக் கை துறுதுறுக்கிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நம் நாட்டின் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. துப்பாக்கியோ தோட்டாவோ செய்வதற்கும், மாற்றி அமைப்பதற்கும், பழுது பார்ப்பதற்கும்கூட அதன் 5-ஆம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள வாங்கிய லைசென்ஸ் இதற்குச் செல்லாது. மீறிச் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். அந்தச் சட்டம் தோட்டா என்று சொல்வதில் அதன் பாகங்களும், அதைச் செய்யும் கருவிகளும் அடக்கம். தோட்டா அடைக்கும் பிரஸ்ஸை ஆன்லைனில் தேடுகிறவர் பணம் கட்டுவதற்கு முன் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

ஏர்கன் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு கண்ணி உண்டு. 0.177 அங்குலக் குழல், 20 ஜூல் ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் வரைதான் லைசென்ஸ் வேண்டாம். வேகம் போதவில்லை என்று ஸ்பிரிங்கை மாற்றி வரம்பைத் தாண்டினால், அதே ஏர்கன் உரிமம் இல்லாத ஆயுதம் ஆகிவிடும்.

சட்டம் மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 32 பிஎஸ்ஐ. .308 வின்செஸ்டர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழக்கூடிய அழுத்தத்துக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வகுத்த உச்சம் 62,000 பிஎஸ்ஐ. அது நடப்பது சுடுபவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில். வேகமாக எரியும் பிஸ்டல் மருந்து தவறுதலாக ரைஃபிள் கூட்டில் விழுந்தாலே போதும், துப்பாக்கி கையிலேயே சிதறும். மருந்து போடாமல் விட்டாலும் ஆபத்துதான்: குண்டு குழலின் நடுவில் சிக்கி நிற்கும், அடுத்த வெடி அதன்மேல் போய் மோதும். உரிமத்தோடு பல ஆண்டு செய்தவர்களுக்கே நேர்கிற விபத்துகள் இவை. நாட்டுத் துப்பாக்கியில் கைக்கணக்கில் கருமருந்து கெட்டிப்பவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

குறி தப்பாமல் சுட வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. அதற்கு வழியும் இருக்கிறது. ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். ஆலைத் தோட்டாவே தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி கொஞ்சம் மாறும்; .22 ரைஃபிள் வீரர்கள் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழலிலும் விசையிலும் கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். ரசீது வாங்கி வையுங்கள்.

இனி உரிமைகள். லைசென்ஸ் மறுக்கப்பட்டால் காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும். நீங்கள் கேட்டால், பொதுநலன் தடுக்காதவரை, அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும். சொத்து இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து மறுக்க முடியாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. உத்தரவு கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

உரிமம் இல்லாமல் வைத்திருந்ததாக 3-ஆம் பிரிவில் வழக்கு நடத்த மாவட்ட நிர்வாக நடுவரான ஆட்சியரின் முன் அனுமதி அவசியம். அந்த அனுமதி கோப்பில் இருக்கிறதா என்று உங்கள் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்பதை உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. பழைய பையின் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்தில் பிடிபட்டவர்களின் வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை ரத்து செய்திருக்கின்றன.

அப்பாவோ தாத்தாவோ இறந்த பின் வீட்டில் துப்பாக்கி மிஞ்சும். அதைப் பரண்மேல் போட்டு மறந்துவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கிறது. உரிமம் அவரோடு முடிந்தது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு உங்கள் பெயரில் லைசென்ஸ் பெற்றுத் திரும்ப வாங்கலாம், முறைப்படி விற்கவும் செய்யலாம். தொடக்கம் முதலே உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் முதலில் வக்கீலைப் பாருங்கள். மலை மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது கெடு வைத்து, அதற்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிப்பது உண்டு. பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைப்பார். அதற்கான எண் 15100.