அம்மாவும் நானும் பார்த்த படங்கள்

சினிமாப் பைத்தியம் என்று வீட்டில் என்னை ஏசுவார்கள். ஏசட்டும்! தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சினிமா தாய்ப்பாலோடு வந்த சங்கதி. அந்த நாளில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். 1973இல் வந்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தை இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். எம்.ஜி.ஆர். இடது கையால் சண்டை போட்டார்! அதுவும் அழகாகத்தான் இருந்தது.

இப்போது திடலும் இல்லை, துணியும் இல்லை. தோட்டம் செம்பனையாகி, நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தாயிற்று. கைப்பேசியிலேயே முன்னோட்டம் வந்துவிடுகிறது. முன்னோட்டம் என்பது இரவுச் சந்தையில் பழம் விற்பவன் கூவுவது மாதிரி. வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டினால்தான் இனிப்பா புளிப்பா என்று தெரியும்.

2025 ஆகஸ்டு 14இல் வெளிவந்த ‘கூலி’யின் முன்னோட்டத்தைக் கல்லூரியில் படிக்கும் என் மகன் பத்துத் தடவையாவது ஓடவிட்டிருப்பான். பக்கத்தில் இருந்த அம்மா, “ஏய்யா, நம்மள ஏசுற வார்த்தையை எதுக்குப் படத்துக்குப் பேரா வெச்சிருக்கான்?” என்று கேட்டார்.

“பாட்டி, அது ரஜினி படம்!” என்றான் மகன். பிறகு பேசாமல் இருந்துவிட்டான்.

இருந்தாலும் ரஜினி என்றதும் அம்மாவும் கிளம்பிவிட்டார். லோகேஷ் கனகராஜ் இயக்கிய படம். முன்னோட்டத்தில் இருந்த விறுவிறுப்பு பிற்பாதியில் குறைவு என்பது என் கட்சி. துறைமுகத் தொழிலாளர் கதை கொஞ்சம், வெட்டுக்குத்து அதிகம். ஆனால், ரஜினியை இளமையாகக் காட்டிய இடத்தில் நானும் விசிலடித்தேன், மறைப்பானேன்? 1421 என்ற எண் போட்ட வில்லையைத் திரையில் காட்டியபோது, அம்மா இருட்டில் மெல்ல ஓர் எண்ணைச் சொன்னார்.

“என்னம்மா அது?”

“செக்ரோல்ல என் நம்பரு. கிராணி ஒரு நாளும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லப்பா.”

அறுபது வயதாகிறது எனக்கு. அந்த எண்ணை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மாரி செல்வராஜின் ‘வாழை’ 2024இல் வந்தது. வாழைத்தார் சுமக்கும் தாயும் பள்ளிக்கூடத்துப் பையனும்தான் கதை. தாருக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்பதற்கு எத்தனை பாடு! முன்னோட்டத்தில் பையன்களின் குறும்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். முடிவை இங்கே சொல்லமாட்டேன். தார் ஏற்றிய லாரியின் மேலே ஆட்கள் உட்கார்ந்து போவதைக் கண்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விடிகாலையில் லாரியில் நின்றுகொண்டே மரம் வெட்டப் போனவர் அல்லவா?

நம் கதையைத் திரையில் சொல்லவே இல்லையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு படங்களை நினைவூட்டுகிறேன். 2016இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘கபாலி’யில் ரஜினி நம் நாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர், சமச் சம்பளம் கேட்டுப் போராடியவர். அதன் முன்னோட்டம் மே தினத்தன்று வந்தது பொருத்தந்தான். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ இங்கேயே எடுத்த படம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துச் சிறுவன் எப்படித் தடம் மாறுகிறான் என்பதைப் பூச்சு இல்லாமல் காட்டியது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்ததும் அதுவே. நம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய படம்.

அம்மாவுக்கு இன்னும் ஒரு குறை. “பாலு வெட்டுனவளோட கதைய யாரு எடுப்பா?” என்கிறார். எனக்குப் படமெடுக்கத் தெரியாது. ஆகவே, மகன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பாட்டி சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியிருக்கிறான். முதல் பக்கத்தில் பாட்டியின் பெயரைப் பெரிதாக எழுதினான். எண்ணை அதற்குக் கீழே சிறிதாக எழுதினான்.

அடுத்த முறை படம் பார்த்துவிட்டு வந்தால், நாயகனைப் பற்றிப் பேசி முடித்த பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் கதைக்கு முன்னோட்டம் கிடையாது. கேட்டால்தான் வரும்.